அண்ணி கழுவி வைத்த போத்தல்

சிகாமட் மருத்துவமனை, வியாழன் இரவு. அம்மாவுக்கு முட்டி மாற்று ஆபரேஷன் நடந்த மறுநாள்.

இனி அண்ணியின் முகத்தில் விழிக்கக் கூடாது.

அம்மாவின் முட்டியிலிருந்து வடியும் ரத்தம் ஒரு குழாய் வழியாகக் கட்டிலுக்குக் கீழே தொங்கும் போத்தலில் சேரும். வார்டு தாதி, மிஸ்ஸி, வந்து அளந்து எழுதுவார். யாரும் தொடக் கூடாது என்று காலையிலேயே சொன்னார். அண்ணியும் அங்கேதான் நின்றாள்.

நான் தேநீர் வாங்கக் கீழே போன பத்து நிமிடத்தில் அதைத் திறந்து கழிப்பறையில் கொட்டிவிட்டாள். சோப்புப் போட்டுக் கழுவி, திரும்ப மாட்டியும் வைத்திருந்தாள்.

"எங்க வீட்டு ஆளுங்க பாக்க வர்றாங்க. ரத்தத்த தொங்க விட்டுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

மிஸ்ஸி வந்தார். காலிப் போத்தலைப் பார்த்ததும் குரல் உயர்ந்தது. "யாரு இதத் திறந்தது? எவ்ளோ ரத்தம் போச்சுன்னு டாக்டர்கிட்ட என்ன சொல்வேன்? கிருமி உள்ள போயிருந்தா?"

"இவதான் கூட இருக்கா, இவள கேளுங்க லா," என்றாள் அண்ணி.

நான் அம்மாவைப் பார்த்தேன். எல்லாம் அவள் கண் முன்னால்தான் நடந்தது. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"சின்னப்புள்ள, தெரியாம செஞ்சிருச்சு மிஸ்ஸி. விட்டுருங்க."

டாக்டர் குழாயை உருவிவிட்டார். காய்ச்சல் வருகிறதா என்று அடிக்கடி வந்து பார்க்கிறார்கள். இதுவரை இல்லை.

பிறகு அம்மா சொன்ன காரணம்: அண்ணி மருமகளாம், மனசு நோகக் கூடாதாம். எனக்கு நாற்பத்து மூன்று வயது. நாளைக் காலையில் அம்மாவைப் பிடித்து நடக்க வைக்க வேண்டியதும் இந்தச் சின்னப்புள்ளதான்.