பக்கத்துக் கட்டில்காரர் கேட்டார்

ஐயா,

நேற்று சிவகாசி பஸ் ஸ்டாண்டில் வடைச்சட்டி வாசனையைப் பிடித்துக்கொண்டு போனேன். அங்கே, பெரியாஸ்பத்திரியில் உங்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் நிற்கிறார். எம். புதுப்பட்டிக்காரர், உங்களைவிட மூன்று வயது மூத்தவர். கையில் இருந்தது இரண்டாவது உளுந்தவடை. எனக்கு வயிறு எரிந்தது. ஐந்து வருடமாக எரிகிற வயிறுதான்.

உங்கள் இருவருக்கும் ஒரே வியாதி, குடலில் ஓட்டை. ஒரே நாளில், ஒரே டாக்டர் அறுத்தார். அவர் வீட்டுக்குப் போனார். நீங்கள் அறுத்த நான்காம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

வலி வந்த அன்றைக்கே அவர் மகன் ஏற்றிய லோடை இறக்கிப் போட்டுவிட்டு, அதே லாரியில் அப்பாவைக் கிடத்திக் கொண்டுவந்தான். உங்கள் மகன் மகா புத்திசாலி. தீபாவளி சீசனில் நான் ஒரு நாள் கம்பெனிக்குப் போகாவிட்டால் ஊரில் ஒரு பட்டாசும் வெடிக்காது என்று நினைப்பு. பெரியாஸ்பத்திரிக்குப் போனால் நாள் முழுக்கப் போய்விடும். தொக்கம் எடுப்பதென்றால் அரை நாள். வயிற்றில் செரிக்காமல் கிடப்பதை ஊதி எடுக்கிற அம்மாவிடம், சாத்தூர்ப் பக்கம் உங்களைக் கூட்டிப்போனேன். அவளும் ஊதி, தடவி, ஒரு கறித்துண்டை எடுத்துக் காட்டினாள். திரும்பும்போது பஸ்ஸில், வயிற்றைப் பிடித்துக்கொண்டே கேட்டீர்கள்:

"ஏலே, நான் கறி தின்னு ஒரு மாசமாச்சு. இவ யாரு வயித்துல இருந்துலே எடுத்தா?"

பஸ்ஸே சிரித்தது. நான் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்தேன். வலி வந்த மூன்றாம் நாள் உங்கள் வயிறு பலகையாக இறுகிவிட்டது. அப்புறம்தான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"வயசானவுக உடம்பு தாங்குமா? எங்க இருந்தீங்க ரெண்டு நாளா?" என்றார் டாக்டர். அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று பெரியவரோடு நின்ற அந்த லாரிக்கார மகன் என்னிடம் அலுத்துக்கொண்டான். "எண்ணெய்ப் பலகாரம் ஆகாதுன்னாக் கேக்காகளா பாருங்க, அண்ணாச்சி! இவுகளோட மல்லுக்கட்ட முடியல." எப்பேர்ப்பட்ட கொடுப்பினை! தகப்பனைத் தெருவில் வைத்துத் திட்டுகிறான். பெரியவருக்கு மூன்றாவது வடை வாங்கிக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். கொலைமுயற்சி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "தம்பி, உங்க ஐயா சௌக்கியமா இருக்காகளா? என்னைய ஆபரேசனுக்குத் தள்ளிட்டுப் போகையில நான் அழுதேன். 'நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வாரேன்'னு கையைப் பிடிச்சாக. கண்ணு முழிச்சா வேற வார்டு. பாக்கவே முடியல. நான் கேட்டேன்னு சொல்லுங்க."

நீங்கள் போய்ச் சேர்ந்தது மகனுக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்லாமல் வைத்திருக்கிறான். என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினான்.

"நல்லா இருக்காக. சொல்லிடுறேன்" என்றேன்.

அவர் கேட்டதாகச் சொல்லிவிட்டேன், ஐயா. ஆனால் அன்றைக்கு உங்கள் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நானும்தான் அழுதுகொண்டு நின்றேன். நீங்கள் அவர் பக்கம் நீட்டிய கை என் பங்குக்கு வரவேண்டியது. அந்தப் பொறாமையை மட்டும் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.