பஞ்சுவுக்கு எது சேரும்

கிள்ளை
11.6.2007

அன்புள்ள காயத்ரி,

கல்யாணமாகி மூன்று வாரம்கூட ஆகாத பெண்ணுக்கு இப்படி ஒரு கடிதம் எழுதுவதற்கு மன்னித்துவிடு. போனில் சொல்லலாமென்று இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் உன் மாமியார்தான் எடுத்தார். அவரிடம் பூனையின் வயிற்றுப்போக்கை எப்படிச் சொல்வது? வைத்துவிட்டேன்.

நீ விட்டுப்போன பஞ்சுவுக்கு ஒன்பது நாளாக வயிறு சரியில்லை. ஓடிப்போய்விடுமோ என்று வெளியே விடுவதில்லை. நீ கொடுத்த சீட்டில் உள்ளபடிதான் எல்லாம்: காலையில் பால், மதியம் தயிர்ச்சோறு, சாயங்காலம் பாலில் ஊறிய பிஸ்கட். குடித்த அரை மணிக்குள் மண்தட்டுக்கு ஓடுகிறது. நேற்று ஐந்து தடவை. முதுகைத் தடவினால் எலும்பு தட்டுகிறது. சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடிக்கும்போதும், இந்நேரம் எத்தனையாவது தடவையோ என்று கை நின்றுவிடுகிறது.

வளர்ந்த பூனைக்குப் பால் செரிக்காது என்று காலேஜில் நாம் இரண்டு பேரும்தான் படித்தோம். ஆனாலும் உன் கையெழுத்தை மீற எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் மீன் வேகவைத்துக் கொடுக்கலாமா? உடனே எழுது.

இசைவாணி


மஞ்சக்குப்பம்
15.6.2007

என் இசைக்கு,

போனை எடுத்ததும் வைத்தது நீதானா! "யாருடி அது, மூச்சு மட்டும் வுடுது?" என்று அத்தை இரண்டு நாளாக என்னையே உற்றுப் பார்த்தார்.

மீன் மட்டும் வேண்டாம். பஞ்சுவைப் பற்றி இங்கே சொல்லிவிட்டேன். "கவிச்சி தின்னாத பூனன்னா கொண்டாந்து வச்சிக்க. வாயில மீனு பட்டுச்சின்னா இந்த வாசப்படி ஏறக்கூடாது" என்றார் அத்தை. அந்த அளவுக்கு அவரை இறங்கி வரவைக்கவே எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

பாலை நிறுத்திவிடு. தயிர்ச்சோறும் ஓமத் தண்ணீரும் கொடு. ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வருவேன், திரும்பும்போது எடுத்துக்கொள்கிறேன். இவர் வேலை முடிந்து வர ஒன்பது மணி ஆகிறது. இந்த வீட்டில் எனக்கென்று ஒரு உயிராவது வேண்டும், இசை. காப்பாற்றிக் கொடு.

காயத்ரி


கிள்ளை
23.6.2007

அன்புள்ள காயத்ரி,

ஓமத் தண்ணீரைப் பஞ்சு என் முகத்திலேயே துப்பிவிட்டது. செவ்வாய்க்கிழமை எழுந்து நிற்கவில்லை. லீவு சொல்லிவிட்டு, ஒயர் கூடையில் வைத்துத் துப்பட்டாவால் மூடி பஸ் ஏறினேன். சிதம்பரம் கால்நடை ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் மூன்று ஆடு, ஒரு கன்றுக்குட்டி. டாக்டர் உன் சீட்டைப் படித்துவிட்டு, "ஏம்மா, பூனைக்கு என்ன வேண்டுதல்?" என்றார்.

"இத்தன நாளா இதான் சார் சாப்புட்டுது."

"நீங்க பாக்கத் தின்னது இது. பாக்காம எலி, ஓணான்னு புடிச்சித் தின்னிருக்கும். இப்ப உள்ள அடைச்சி வச்சிட்டீங்க."

வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "அவுங்க ஊட்டுப் பூன நம்ம மீனத் தின்னா நம்ம சாதி ஆயிடுமா? பொழைக்கட்டும் வுடுடி" என்றாள்.

கொடுத்துவிட்டேன், காயத்ரி. உன்னைக் கேட்கவில்லை. உப்பு, மிளகாய் போடவில்லை. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு ஆகவே ஆகாதாம். வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, குழைந்த சோறு கொஞ்சமும் மசித்த பரங்கிக்காய் அரை ஸ்பூனும் சேர்த்தேன். முதல் நாள் இரண்டு ஸ்பூன்தான். தினம் ஒரு ஸ்பூன் கூட்டுகிறேன். நேற்று இரண்டு தடவை. இன்று ஒரே தடவை, அதுவும் கெட்டியாக.

கோபமென்றால் கோபமாகவே எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

இசைவாணி


கிள்ளை
14.7.2007

அன்புள்ள காயத்ரி,

மூன்று வாரமாகிவிட்டது. தபால்காரர் என்னைப் பார்த்ததும் சைக்கிளிலிருந்தே கையை விரித்துவிடுகிறார்.

பஞ்சு தேறிவிட்டது. கோழி ஈரல் கொடுத்துப் பார்த்தேன், ஜாஸ்தியாகிவிட்டது போல, மறுபடி இளகியது. நிறுத்திவிட்டேன். மத்தி மீனும் சேரவில்லை. சங்கராவும் பரங்கிக்காயும்தான் அதற்குச் சரி. இனி அது தயிர்ச்சோற்றுக்குத் திரும்ப வேண்டாம். அங்கே மீன் கொடுக்க வழியிருந்தால் எடுத்துப் போ. இல்லையென்றால் இங்கேயே இருக்கட்டும். மறைத்துக் கொண்டுபோகலாம் என்று மட்டும் நினைக்காதே; பாவம், பூனைக்குப் பொய் சொல்லத் தெரியாது.

இதை எழுதி இரண்டு முறை கிழித்தேன். காலேஜில் மூன்று வருஷம் உன் எலுமிச்சைச் சாதத்தில் பாதி எனக்கு. என் டப்பாவை நீ கேட்டதில்லை, நானும் நீட்டியதில்லை. கருவாடு இருக்குமோ என்று நீ பயந்திருப்பாய். வேண்டாமென்று சொல்லிவிடுவாயோ என்று நான் பயந்தேன். பெரும்பாலான நாள் அதில் வெறும் புளிச்சோறுதான். பஞ்சுவைக் கொண்டுவந்து விட்ட அன்று ஆட்டோவை நிறுத்தி வைத்துவிட்டு வாசலிலேயே பேசிவிட்டுப் போனாய். அம்மா உனக்காகப் போட்ட டீயை நான்தான் குடித்தேன்.

குறையாகச் சொல்லவில்லை. பூனைக்காக இத்தனை தூரம் யோசித்தபோது இதுவும் சேர்ந்து வந்துவிட்டது.

ஆடிக்குச் சிதம்பரத்துக்கு உன் அம்மா வீட்டுக்கு வருவாய். அங்கிருந்து கிள்ளைக்கு அரை மணி நேரம்தான். பஞ்சுவை எடுத்துப் போனாலும் சரி, விட்டுப் போனாலும் சரி, ஆளை அனுப்பாமல் நீயே வா. அன்றைக்கு அம்மா முருங்கைக்கீரையும் ரசமும் வைப்பாள், மீன் இருக்காது. ஆனால் சட்டி எங்கள் சட்டிதான். தட்டும் எங்கள் தட்டுதான். உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் சாப்பிடுவாயா?

இசைவாணி