பெரியவருக்கு எத்தனை அடி

1923 பிப்ரவரி 4, ஞாயிறு

இன்று கோல்ஃப் சங்கத்தில் சேர்ந்தேன்.

"குழிக்குள்ள பந்து தள்ளவா குனோங் ராபாட் வரைக்கும் சைக்கிள் மிதிக்கிறீங்க? நம்ம வாசல்லயே மழை நல்லாத் தோண்டி வச்சிருக்கே" என்றாள் நவமணி. மனைவி சொல்வதில் உண்மை இருந்தால் பதில் சொல்லாமல் கிளம்புவதே நாகரிகம்.

மைதானம் எனக்குப் புதிதல்ல. இரண்டு வருடம் முன்புவரை அது ரப்பர்த் தோட்டம். நான் அங்கே கணக்கு எழுதும் கிராணி. ரப்பர் விலை விழுந்தது, பிறகு மரங்கள் விழுந்தன, பிறகு ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். காலையில் நான் ஆள் எண்ணிய பெரட்டுக் களத்தில்தான் இப்போது முதல் பந்தை வைத்து அடிக்கிறார்கள். அன்றைய ஒழுங்கு இல்லை. அன்று இல்லாத சிரிப்பு இருக்கிறது.

துரைமார் சங்கத்தில் நமக்கு இடமில்லை. அதனால் குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் ஒன்பது குழி வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு காலிப் பால் டின்னைப் புதைத்து, தாமும் துரைமார் ஆகிவிட்டார்கள்.

என்னைச் சேர்த்துவிட்டவர் எங்கள் ஆபீஸ் பெரிய கிராணி சதாசிவம் ஐயா. தோட்டம் மூடியபின் என்னை ஈப்போவுக்கு அழைத்து வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. இந்த வீட்டில் எரியும் அடுப்பு அவர் வார்த்தையில் எரிகிறது.

பிப்ரவரி 11

போட்டியின் விதி இது. நன்றாக ஆடுகிறவனும் மோசமாக ஆடுகிறவனும் சமமாக மோதவேண்டும். அதற்காக ஒவ்வொருவருக்கும் சில அடிகள் சலுகை. ஹாண்டிகேப் என்கிறார்கள். முழு ஆட்டத்தில் நூற்றுப் பத்து அடி அடித்தவனுக்கு இருபத்து நான்கு சலுகை இருந்தால் கணக்கில் எண்பத்தாறு. குறைந்த எண் வந்தவனுக்கு அந்த மாதத்துக் கோப்பை.

"ஏறத் தெரிஞ்சவனுக்கு வழுக்கு மரத்துல எண்ணெய் தடவுறோம், தெரியாதவனுக்கு ஏணி குடுக்கிறோம். அவ்வளவுதான்லா" என்றார் சங்கத்தின் காப்டன் பக்கீர் முகம்மது நானா. டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கிறார்.

உலகத்தில் இவ்வளவு தர்மமான ஏற்பாடு ஒன்று இருப்பதும், அது குனோங் ராபாட்டில் இருப்பதும் ஆச்சரியம். எனக்கு இருபத்து நான்கு கொடுத்தார்கள். நான் இன்னும் ஒரு பந்தும் அடிக்கவில்லை.

மார்ச் 4

முதல் போட்டி. நான் ஜெயித்துவிட்டேன்! சதாசிவம் ஐயா கடைசி. என்னைவிட நான்கைந்து அடிதான் அதிகம் அடித்தார். ஆனால் அவருக்குச் சலுகை நாலே நாலு.

"அவருக்கு ஏன் நாலு?" என்று காரியதரிசி கார்த்திகேசுவைக் கேட்டேன். ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரெஸ்ஸர்; இளைஞன்; எங்களில் நன்றாக ஆடுகிறவன் அவன்தான்.

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? பெரியவருக்கு அதுக்கு மேல குடுத்தா மரியாதையா இருக்குமா?"

"எனக்கு இருபத்து நாலு கொடுத்தீர்களே?"

"நீங்க புது ஆளுதானே" என்றான், அன்பாக.

ஆக, இவர்கள் ஆட்டத்தைப் பார்த்து எண் கொடுக்கவில்லை, ஆளைப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அடிக்கத் தெரியாத பெரிய மனிதர் ஒரு வருடமாக மரியாதையாகத் தோற்றுக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 11

நவமணி இன்று ஐயா வீட்டுக்குப் போய்வந்தாள். கூடத்து அலமாரியில் நடுத்தட்டு காலியாம். "அது கோப்பைக்காம். அந்தம்மா தினம் துடைக்கிறாங்க" என்றாள். ஜூலையோடு ஐயாவுக்குப் பென்ஷன். பிறகு சித்தியவானில் மகள் வீடு. இன்னும் நான்கு போட்டி.

நான் வென்ற கோப்பையை அடுப்படிக்கு மாற்றினேன். கண்ணில் படவேண்டாம்.

மார்ச் 18

ஆட்டத்தைப் பார்த்து எண் கொடுக்கலாமே என்று கமிட்டியில் சொன்னேன். நானா எழுந்தேவிட்டார்.

"பெரியவர் மூஞ்சியப் பாத்து, உங்களுக்கு ஆடத் தெரியாது, இந்தாங்க இருபத்து நாலுன்னு சொல்லச் சொல்றியா? உனக்குச் சோறு போட்ட மனுசன்ப்பா!"

சதாசிவம் ஐயா, "நாலு போதும் தம்பி. நாலே அதிகம்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் அடுத்த மாதத்துக் கோப்பை இருந்தது.

நான் என்ன செய்துவிட்டேன்? சோறு போட்டவரைச் சபையில் வைத்து — சே.

ஏப்ரல் 1

மழை. ஐயா கடைசி.

ஏப்ரல் 22

கார்த்திகேசு குழந்தைக்குக் காதுகுத்து. பந்தியில் முதல் இலை சதாசிவம் ஐயாவுக்கு. நான்கு வடை, இரண்டு தரம் பாயசம். கடைசி இலை எனக்கு. பாதி வடை, உடைந்த அப்பளம். உடைந்த அப்பளத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தேன். வாழ்நாளில் எந்த அப்பளமும் எனக்கு இவ்வளவு கற்றுத்தந்ததில்லை.

மே 6

இன்றும் ஐயா கடைசி. ஆட்டம் முடிந்து கமிட்டி கூடியதும் கேட்டேன்: "பந்தியில் பெரியவர் இலைக்கு நான்கு வடை வைத்தோம். அவருக்குப் பசி அதிகம் என்றா?"

"மரியாதைக்குலா!" என்றார் நானா.

"சலுகை அடியும் நாம் பரிமாறுவதுதானே? நேற்று வந்த எனக்கு இருபத்து நான்கு. பெரியவர் இலையில் நாலே நாலா?"

நானாவின் முகம் வெளிறியது.

"யா அல்லாஹ்! ஒரு வருசமா பெரியவரப் பட்டினியில்ல போட்டிருக்கோம்!"

உடனே தீர்மானம்: ஐயாவுக்கு இருபத்து நான்கு, மற்றவர்களுக்கு அந்தஸ்துப்படி இறங்குவரிசை. ஐயா "போதும், போதும்" என்று இலைமேல் மறைப்பதுபோல் கையை நீட்டினார். விரல்களை அகல விரித்துத்தான் நீட்டினார்; இடையில் வடை விழ இடமிருந்தது. எனக்கு இரண்டு. "புது ஆளுக்கு ரெண்டு போதும்."

பழைய அநியாயம்தான், தலைகீழாக நிற்கிறது. ஆனால் வயதும் பதவியும் ஏற ஏற ஆட்டம் இறங்குவதால், கணக்கு ஏறக்குறைய நியாயமாகவே வருகிறது. என் கணக்கு மட்டும் வராது. பரவாயில்லை.

ஜூன் 3

ஐயா இரண்டாவது. வீடுவரை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

ஜூலை 1

ஐயாவின் கடைசிப் போட்டி. அவர் அடிகளை எண்ணிக் கையெழுத்திடும் வேலை எனக்கு. முன்னணியில் இருந்த கார்த்திகேசு முன்பே முடித்துவிட்டான். ஐயா கடைசிக் குழியை ஐந்து அடிக்குள் முடித்தால் கோப்பை அவருக்கு.

மூன்றாவது அடியில் பந்து வெட்டிய ரப்பர் மரம் ஒன்றின் கட்டையை ஒட்டி நின்றது. கட்டைக்குப் பக்கத்தில் நின்றால் பந்தை நகர்த்தலாம் என்று எங்கள் விதி. சொன்னேன்.

"இது எத்தனாவது நிரை, தம்பி?"

"பன்னிரண்டு, ஐயா."

"உன் மரம். இருக்கட்டும், நான் சுத்திப் போறேன்."

பக்கவாட்டில் தட்டினார். நான்கு. பிறகு நெடுநேரம் குனிந்து நின்று ஒரு தள்ளு. பந்து மேட்டில் ஏறி, யோசித்து, இறங்கி, பால் டின்னில் 'டங்' என்று விழுந்தது.

ஐயா பந்தை எடுக்கவில்லை. "நல்ல சத்தம்" என்றார். நான் அட்டையில் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வரும்போது மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு அந்த நாலு வடையும் நான் சாப்பிடல தம்பி. வயிறு ஒத்துக்காது. ஆனா வைக்காம விட்டிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேன்."

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

ஜூலை 29

ஐயாவும் அம்மாவும் சித்தியவானுக்கு மோட்டார் ஏறினார்கள். சாமான்களோடு அந்த அலமாரியும் போனது. கோப்பை அம்மாவின் மடியில்.

ஆகஸ்ட் 5

தைப்பிங்கிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் சங்கத்தில் சேர்ந்தார். அவருக்கு இரண்டு கொடுத்தார்கள். நான் வழக்கம்போல் கடைசி.

கிளம்பும்போது கார்த்திகேசு கூப்பிட்டான். "அண்ணே, இனிமே உங்களுக்கு மூணு. நானா சொல்லச் சொன்னாரு."

போதும், போதும் என்று கையை நீட்டினேன். விரல்கள் விரிந்துதான் இருந்தன.