முதலில் மணலூர்பேட்டை மட்டும்

மணலூர்பேட்டைக்குப் போகும் பேருந்தில் இன்று காய்ந்த கரும்புத் தோகை எரியும் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கோ நம் ஆபீஸுக்குள் புகை ஏறிய நாள் நினைவுக்கு வந்தது.

கள்ளக்குறிச்சியில், ஜவுளிக்கடை மாடியில், சர்க்கரை ஆலை ஒன்றுக்காக நாம் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். யார் வயலை எப்போது வெட்டுவது என்று அது சொல்ல வேண்டும். நீ ஆரம்பத்திலிருந்தே ஒன்றைத்தான் கேட்டாய்.

"மொதல்ல மணலூர்பேட்டைக்கு மட்டும் விடலாம் சார். அவங்க பாத்துட்டு இன்னா சொல்றாங்கன்னு கேட்டுக்கினு மாத்துவோம். அப்பால அடுத்த ஊரு."

முதலாளி சிரித்தார். "கொஞ்சங் கொஞ்சமா செஞ்சு, கேட்டுத் திருத்துறதுதான் அஜைல்னு செவுத்துல எழுதி ஒட்டியிருக்கோமில்ல, அது போதும். எல்லா ஊருக்கும் ஒரே நாள்ல போவுது."

போனது. நட்ட தேதியை மட்டும் பார்த்து அது வரிசை போட்டது. எந்தக் கிணறு வற்றியது என்று அதற்குத் தெரியாது. முற்றிய கரும்பு நின்ற நிலையிலேயே காய, இளங்கரும்புக்கு வெட்டு வந்தது. கேட்கப் போனவர்களிடம் ஆலைக்காரர்கள் நம் முகவரியைக் கொடுத்தார்கள்.

வெட்டுக்கத்திகளோடு விவசாயிகள் படியேறி வந்தார்கள். முதலாளி பின்பக்கமாக ஓடிவிட்டார். கண்ணாடிக் கதவு நொறுங்கி என் கைகளில் தைத்தது. கம்ப்யூட்டர்கள் தெருவில் போய் விழுந்தன. கீழே உன் ஸ்கூட்டி எரிந்த புகை உள்ளே ஏறியது. நான் மேசைக்கடியில் பதுங்கினேன். நீ அவர்களுக்கு எதிரே போய் நின்றாய்.

"எந்த வயலு தப்பா வந்துச்சு? சொல்லுங்கண்ணே, சொல்லுங்க!"

பதிலுக்கு மணலூர்பேட்டைக்காரர் ஒருவரின் இரும்புக்கம்பி வந்தது. உன் காதுக்கு மேலே அது இறங்கியது. நீ சரிந்த பிறகும் அவர் மறுபடி ஓங்கினார். நான் தவழ்ந்துபோய் அவர் கெண்டைக்காலைக் கடித்தேன். வாயில் ரத்தம் கரித்தது. போலீஸ் தடியடி நடத்தி என்னைப் பிரிக்கும்வரை விடவில்லை.

தலையில் தையலோடு வேலைக்கு வந்த நீ என்னிடம் கேட்டது இதுதான்: "அந்த ஆளு ஜாமீன்ல வந்துட்டாராடி? அவரு வயலுக்குத்தான் மொதல்ல போவணும்."

"பைத்தியமாடி உனக்கு?"

"அடிக்கிற அளவுக்கு ஆத்திரம்னா, எங்க தப்புன்னு அவருக்குத்தான் நல்லா தெரியும்."

முதலாளி இம்முறை சம்மதித்தார். போனோம். அவர் கையில் கத்தி இருந்தது.

"கேஸுக்கு வந்தியாம்மா?"

"இல்லண்ணே. கரும்புக்கு."

அவர் பார்வை உன் தையலில் நின்றது. "வலிக்குதா?"

"வலிக்குதுண்ணே. தூங்க முடியல. கெணத்துல தண்ணி எப்ப நின்னுச்சு, அதச் சொல்லுங்க."

வரப்பில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்து மாற்றினாய். "தப்பு, தப்பு!" என்று அவர் கத்தினார். அழித்துவிட்டு மறுபடி எழுதினாய். அடுத்த வாரம் அந்த ஊரில் வெட்டு சரியான வரிசையில் நடந்தது. அதன்பின் வாரந்தோறும் போனோம்; காட்டினோம்; திட்டு வாங்கித் திருத்தினோம். அவர்கள் சரியென்ற பிறகே அடுத்த ஊர்.

ஒருநாள் காலை, எல்லாரும் நின்றபடியே பேசும் நம் கூட்டத்தில், "நேத்து நான்..." என்று ஆரம்பித்த நீ சுவரைப் பிடித்தாய். வாந்தி எடுத்தாய். அப்படியே விழுந்தாய். மண்டைக்குள் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, நீ எங்களுக்கு இல்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு உன்னை அடித்தவரும் வந்தார். உன் தம்பி அவரை மண்ணில் தள்ளி மிதித்தான். அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. "வுட்றா, அவ குழியாண்ட வேணாம்டா!" என்று உன் அம்மா கதறினார். நான் நடுவில் விழுந்து தடுத்தேன். தம்பியின் முழங்கை பட்டு என் பல் உடைந்தது. அந்த மனிதருக்காக நான் போகவில்லை. உனக்காகப் போனேன்.

இப்போது வேறு கம்பெனி. கரும்போடு, கரியாலூர்ப் பக்கம் மலையில் மரவள்ளி போடுகிறவர்களுக்கும் செய்கிறோம். மலை முழுக்க ஒரே நாளில் விடச் சொல்லி மேலாளர் மேசையைத் தட்டினார். நானும் தட்டினேன். ஒரே ஒரு ஊரில்தான் ஆரம்பித்தோம்.

வழக்கு நடக்கிறது. உன்னை அடித்தவருக்கு எதிராகச் சாட்சி சொன்னேன். மறுபடி கூப்பிட்டாலும் சொல்வேன். அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் கரும்புக்கு எதை மாற்றினாலும் முதலில் அவரிடம்தான் கொண்டுபோய்க் காட்டுகிறேன். தப்பென்றால் இன்றும் கத்துகிறார். அங்கேயே உட்கார்ந்து திருத்துகிறேன்.