மலையில் முளைக்காத ராகி

இன்று பாலக்காட்டுக் கடையில் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாக்கெட்டைப் பார்த்தேன். ‘முளைகட்டிய ராகி மாவு’ என்று போட்டிருந்தது. மேலே ஒரு குண்டுக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. வாங்கி வந்து பிரித்தேன். லேசான இனிப்பும் ஈரமண்ணும் கலந்த அதே வாசனை. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்றுதான் இத்தனை வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

எழுபதுகளில் நாம் வேலை பார்த்த அந்த உணவுச் சோதனைக்கூடம் இப்போது இல்லை. நான் பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டிக்காரி. நீ தேவிகுளம் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். நீ “ஏட்டி” என்பாய், நான் “என்ன புள்ள” என்பேன். ரெண்டும் ஒரே தமிழ்தானா என்று நம் சார் சிரிப்பார்.

தானியத்திலும் பயறிலும் இருக்கும் பைட்டிக் அமிலத்தை அளப்பது நம் வேலை. சாப்பாட்டிலிருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிற பாவி அமிலம் அது. மாவைக் கரைத்து வடித்து, ரெசின் என்கிற பிசின் மணிகள் அடைத்த நீளக் கண்ணாடிக் குழாயில் விடுவோம். லேசான உப்புக் கரைசலை ஊற்றினால் மற்றதெல்லாம் இறங்கிவிடும். கெட்டியான கரைசலை ஊற்றினால்தான் இந்த அமிலம் மனசில்லாமல் இறங்கிவரும், சொட்டுச் சொட்டாக. குழாயின் மேலே தண்ணீர் வற்றினால் ரெசின் பிளந்து அன்றைய பாடு மொத்தமும் வீண். அதனால் மாற்றி மாற்றிக் காவல் இருப்போம். நான் வாயடித்துக்கொண்டிருந்தால் தொடையில் கிள்ளுவாய். “ஏட்டி, மேல பாரு. வத்தவிட்டுராத.”

உனக்கு அது வெறும் சம்பள வேலை இல்லை. உன் அக்கா உடம்பில் ரத்தமில்லாமல் பிரசவத்தில் போனவள். லயத்துப் பெண்களின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கும் என்பாய். உன்னுடையதும் அப்படித்தான் இருந்தது. ஊருக்குப் போனபோது காந்தலூர் பீன்ஸ் விதையும், உன் அம்மா களி கிண்டுகிற அதே ராகியும் கட்டிக்கொண்டு வந்தாய்.

முளைகட்டினால் அமிலம் குறையுமா என்று பார்க்க, ராகியில் பாதியை ஊறவைத்துத் துணியில் முடிந்து வைத்தோம். பாலக்காட்டு வெயிலுக்குக் கேட்கவா வேண்டும், மறுநாளே வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. கடைசியில் நிறமேற்றும்போது அமிலம் எவ்வளவோ அவ்வளவு நீலம் வரும். முளைக்காத ராகி கருநீலமாக நின்றது. முளைத்தது நீலமா என்று சந்தேகப்படும் அளவுக்கு வெளிறியிருந்தது. “எங்க சனத்துக்கு இது போதும்ட்டி!” என்று சார் முன்னாலேயே என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாய். 

அப்புறம் கல்யாணம். தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்க்கிறவர். மாசமாகி, வேலையை விட்டு மலையேறினாய். பஸ் ஏற்றிவிடும்போது கேட்டேன்.

“டாக்டர் குடுத்த இரும்பு மாத்திரையத் திங்கறயா புள்ள?”

“தின்னா குடலே வெளிய வருதுட்டி. அதான் ராகி இருக்குல்ல, முளைகட்டித் திங்கேன்.”

ஆடி மாதம் உன்னைப் பார்க்க வளையலும் பூவுமாக வந்தேன். உடுமலை போய், மறையூர் வழியாக மலையேறி, மழையில் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தேன். லயத்து வாசலிலேயே புளிச்ச நாற்றம். அடுப்புக்கு மேலே பலகையில் துணிமூட்டை. உன் அம்மா அவிழ்த்துக் காட்டினாள். ஒரு முளை இல்லை. சாம்பல் நிறத்தில் பூசணம்.

“எத்தனையோ மட்டம் ஊறப்போட்டாச்சு தாயி. இந்தக் குளிருக்கு மொளைக்கவே மாட்டேங்கு. வெயிலுக்கு எங்க போவ?”

நம் புத்தியைப் பார்த்தாயா? மலையிலிருந்து ராகியைக் கொண்டுவந்தோம். மலைக் குளிரைக் கொண்டுவந்தோமா? பாலக்காட்டு வெயிலில் முளைக்கவைத்து, பாலக்காட்டு வெயிலில் அளந்து, மலைக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாகக் குதித்தோம். ஒரு பிடி ராகியால் நீ பிழைத்திருக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனால் நீ அதைத்தானே நம்பியிருந்தாய்.

கண்ணிமையை நீயே இழுத்துக் காட்டினாய். “கழுவி வச்ச பீக்கர் மாதிரி இருக்குல்ல?” என்று சிரித்தாய். 

அன்றைக்கே வலி கண்டது. ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது, அழவில்லை. உனக்கு ரத்தம் நிற்கவில்லை. உன் வீட்டுக்காரர் ரத்தம் தேடி ஜீப்பில் மலை இறங்கினார். அவர் வரும்வரைக்கும் என்று உன் கையில் ஏற்றினார்கள், உப்புத் தண்ணீர். கண்ணாடிப் பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. நீ அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாய். உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

“ஏட்டி, மேல பாரு. வத்தவிட்டுராத.”

நான் வற்றவிடவில்லை. குறையக் குறைய நர்ஸைக் கூப்பிட்டு மாற்றவைத்தேன். அவர்கள் உன் கையிலிருந்து ஊசியை உருவியபோதும் பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.

போன வருஷம் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். “நான் பாத்துக்கறேன், நீங்க படுங்கம்மா” என்று நர்ஸ் பிள்ளை எத்தனையோ தடவை சொன்னாள். நான் படுக்கவில்லை. எங்கே பாட்டில் தொங்கினாலும் என் கண் மேலேதான் போகிறது. நீ சொன்னபடி பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன் புள்ள. பார்ப்பதால் யாரும் பிழைக்கிறார்கள் என்று நான் நம்பவில்லை.