நாலு விரல் டிரைவர்

அன்புள்ள அப்பாவுக்கு, ஸலாம்.

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல்? கெய்ரோவில் நான் நன்றாகக் கொழுத்திருக்கிறேன். கொழுப்பு முன்பே உண்டு என்பீர்கள்.

எருமையை விற்றுச் சிமெண்ட் கம்பெனிப் பங்கு வாங்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். விலை ஏறும் என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்களாம். விற்காதீர்கள். அந்தப் பங்கில் என் பங்கும் இருக்கிறது.

போன மாதம், நான் வேலை பார்க்கும் காபிக்கடைக்கு வரும் பங்குத் தரகர்களைச் சீண்ட ஒரு கதை விட்டேன். "சிமெண்ட் கம்பெனிய வெளிநாட்டுக்காரன் வாங்கப் போறானாம். முதலாளியோட டிரைவர் ஹில்மியே சொன்னாரு. பாவம், அவருக்கு வலது கையில நாலே விரல்." ஹில்மி என்று யாருமே இல்லை. கேட்பவர்கள் நம்பட்டும் என்றுதான் விரலை வெட்டினேன்.

நேற்று தரகர் ஷஃபீக் என் காதருகே குனிந்தார்.

"டேய், ஹில்மியப் பார்த்தேன்டா. கை குடுத்தாரு."

"அண்ணே, அப்படி ஒரு ஆளே கிடையாது. நான் விட்ட கதை."

"போடா வாலு! விரல் இருந்த இடம் காலியா இருந்துச்சு, என் கைக்குத் தெரியாதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்பெனி வெளியிட்ட அறிக்கையை வாங்கிப் படித்தேன். விற்பனைப் பேச்சே இல்லை, நஷ்டம்தான் இருக்கிறது. உங்கள் மூன்று பேரிடமும், யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே போங்கள். கடைசியில் என் வாயில் வந்து நிற்பீர்கள்.

என் கம்பளியை அனுப்புங்கள். குளிருக்குத்தான், பயத்துக்கில்லை. கடை முதலாளி கூப்பிடுகிறார்.

நாலு விரலோடு யாராவது கதவைத் தட்டினால் திறக்காதீர்கள். உங்கள் மகன் அனுப்பினான் என்பார். அது மட்டும் உண்மை.

உங்கள் ஸித்கி