மாமா பெயரில் என் படம்

தூத்துக்குடி, 12.2.1975

அன்புள்ள அம்மாவுக்கு எஸ்றா வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். வால்பாறைக் குளிரில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

ஒரு சின்ன விஷயம். சங்கு குளிப்பவரை நான் எடுத்த படத்துக்குப் போட்டியில் பரிசு கிடைத்தது. ஆனால் ஸ்டூடியோ முதலாளியான மாமா பெயரில். படத்தை மூன்று பங்காக்கி, ஆளை ஓரத்துப் பங்கில் நிறுத்தி, மற்ற இரண்டையும் கடலுக்கு விட்டிருந்தேன். "ஏலே, ஆளை நடுவுல நிறுத்தத் தெரியாதா?" என்று அன்று சிரித்தவர், மேடையில் அந்தக் கணக்கைத் தன்னுடையதாகவே விளக்கினார். பிறகு என்னிடம், "இங்கன வாலே, பரிசோட என்னை ஒரு படம் எடு" என்றார். எடுத்தேன். அன்றைக்கே என் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

உங்கள் தம்பியிடம் சண்டை போடாதீர்கள். ஒரு போர்வை மட்டும் அனுப்புங்கள். மாமா வீட்டுக்கு இனி எழுத வேண்டாம். புது விலாசம் உறையின் பின்புறம் இருக்கிறது. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உங்கள் மகன்
எஸ்றா